பொழுதுக்கு ஒரு வாய் காப்பி

சிரிக்கலாம், தாராளமாகச் சிரிக்கலாம், வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளுகிற அளவுக்கு இந்தக் கதையில் ஒரு ஆள் ஏமாறத்தான் போகிறது. ஆனால் அது யாரென்று இப்போதே சொல்லிவிட்டால் அப்புறம் தடுக்கு முடைவதையும் சீமாறு கட்டுவதையும் யார் பொறுமையாக உட்கார்ந்து கேட்பார்கள்? அதனால் சிரிப்பைக் கொஞ்ச நேரம் கன்னத்தில் ஒதுக்கி வையுங்கள். முதலில் வேலை.

நொச்சிப்பாளையத்துக்கு மேற்கே கடைசித் தோட்டம் சென்னியப்பனுடையது. தோட்டத்துக்கு அப்பால் வேலி, வேலிக்கு அப்பால் ஒற்றைப் பனை, பனைக்கு அப்பால் பொழுது விழுகிற இடம். சூரியன் என்பதெல்லாம் பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் இருக்கும். அந்த ஊரில் அது பொழுதுதான், பொழுது கிளம்பும், பொழுது ஏறும், பொழுது விழும். ஊரில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பொறுப்பு உண்டு, ஒரு வீட்டார் அம்மனுக்குத் தீர்த்தம் எடுப்பார்கள், ஒரு வீட்டார் தேர்ச்சக்கரத்துக்குக் கட்டை போடுவார்கள், அந்த மாதிரி மேக்காலத் தோட்டத்துக்காரர்களுக்குப் பொழுதை வழியனுப்புகிற வேலை. தினமும் சாயங்காலம் பனைமர உயரத்துக்கு இறங்கி வந்ததும் பொழுது ஒரு நிமிஷம் நின்று, "அப்ப வரட்டுங்களா?" என்று கேட்கும். வீட்டில் யார் இருக்கிறார்களோ அவர்கள் பால் கறக்கிற கையை நிறுத்தாமலே, வெங்காயம் உரிக்கிற தலையை நிமிர்த்தாமலே, "போய்ட்டு வாங்க" என்பார்கள். அது போகும். சொல்லாமல் கொள்ளாமல் போகிற பழக்கம் அதற்குக் கிடையாது. ஒருமுறை வீட்டார் எல்லோரும் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டு மறந்துவிட, பொழுது பனைமேல் தவித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, அந்த வழியாக ஆடு ஓட்டிவந்த ஒருவர், "அட, அவங்க வர நேரமாகுமுங்க, நீங்க போய்ட்டு வாங்க" என்று சொன்ன பிறகுதான் கிளம்பிற்று. அதை யாரும் அதிசயமாகப் பேசியதில்லை. சில வீட்டுக்கு மயில் வந்து நெல் பொறுக்கும், இவர்கள் வீட்டுக்குப் பொழுது வந்து சொல்லிக்கொண்டு போகும், அவ்வளவுதான்.

சென்னியப்பனுக்கு ஒரே மகள், இந்துமதி. பதினொன்றாம் வகுப்பு. அவள் தொண்டைக்குள் ஊரே குடியிருந்தது. பால் சொசைட்டிக்காரர் மூக்கால் பேசுகிற மாதிரி பேசுவாள், தலைமையாசிரியை பிரார்த்தனையில் இருமுகிற மாதிரி இருமுவாள், மினி பஸ் கண்டக்டர் மாதிரி "உள்ள போ, உள்ள போ, உள்ளதான் எடம் கெடக்குதில்ல" என்று கத்தி, நடு வயலில் நின்ற பெண்களை இரண்டடி நகர வைப்பாள். கிணற்று மோட்டார் தண்ணீரில்லாமல் வெறும் காற்றை இழுக்கிற சத்தத்தை அவள் ஒருமுறை போட்டதில், சாப்பிட்டுக்கொண்டிருந்த சென்னியப்பன் சோற்றுக் கையோடு ஓடி, ஓடிய வேகத்தில் செருப்பை வாய்க்காலில் விட்டு, அங்கே மோட்டாரே போடப்படாமல் சிவனே என்று கிடப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, "உன்ன ஒருநா மோட்டாருக்குள்ளயே போட்டு ஓட்டறனா இல்லியா பாரு" என்றார். அவர் சொல்லி முடிக்குமுன் அதே வாக்கியத்தை அவர் குரலிலேயே அவள் திருப்பிச் சொன்னாள். நாய் யாரைப் பார்த்து வாலாட்டுவது என்று தெரியாமல் உட்கார்ந்துவிட்டது.

மறுநாள் மாரியம்மன் நோம்பி. காலையில் கோயில் மேடையில் இந்துமதியின் பலகுரல் நிகழ்ச்சி. தொண்டையில் குடியிருந்த ஊரை அந்த ஊருக்கே அவிழ்த்துக் காட்டப்போகிற நாள். அதற்காக அவள் ஒரு வருஷமாகக் காத்துக்கிடந்தாள், ஆனால் நடுவில் அம்மா துளசிமணி நின்றாள்.

"இத பாரு புள்ள, இந்த வருசம் பந்தலுக்குத் தடுக்கு, கோயிலக் கூட்டறதுக்குச் சீமாறு, தண்ணி சேந்தறதுக்குக் கயிறு, எல்லாம் நம்ம மொறை. உங்கப்பன் காலைலயே நோம்பிக் கமிட்டின்னு போய் உக்காந்துட்டாரு. வெளக்கு வெக்கறதுக்குள்ள அத்தனையும் முடிஞ்சுதுன்னா நாளைக்கு நீ மேடையேறு. முடியலீன்னா, மைக்குல உன்ர பேரக் கூப்புடற நேரத்துல நீ இங்க உக்காந்து தடுக்கு மொடஞ்சுட்டு இருப்ப."

விளக்கு வைத்த பிறகு அந்த வீட்டில் யாரும் சீமாற்றைத் தொடக் கூடாது, கயிறு முறுக்கக் கூடாது, ஓலை கிழிக்கக் கூடாது. லட்சுமி வருகிற நேரத்தில் வாசலில் குப்பை போட்டால் அவள் பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விடுவாள் என்பது துளசிமணியின் கணக்கு. அதனால் எல்லாம் பொழுது இருக்கிறபோதே.

இந்துமதி சும்மா இருந்தாள் என்று சொல்ல முடியாது. தொட்டியில் ஊறிக்கிடந்த தென்னை மட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துப்போட்டு, அரிவாளால் நடுவில் பிளந்து, பிளந்த பாதியைக் காலால் மிதித்துக்கொண்டு, ஓலைமேல் ஓலை, ஓலைக்குக் கீழே ஓலை என்று முடைந்துகொண்டே போனாள். கை தடுக்கை முடைந்தது, வாய் ஊரை முடைந்தது. முதல் தடுக்கைத் தலைமையாசிரியையாக இருந்து, "யாரது அங்க பின்னால ஓலை?" என்று அதட்டி அதட்டி முடைந்தாள். அடுத்ததைக் கண்டக்டராக இருந்து, ஒவ்வொரு ஓலைக்கும் சில்லறை இல்லை என்று சண்டை போட்டு முடைந்தாள். ஈர்க்கு கிழித்துச் சீமாறு கட்டும்போது நோம்பிக் கமிட்டியாக மாறி, தனக்குத்தானே பொன்னாடை போர்த்திக்கொண்டாள். நாரைத் தட்டி, உள்ளங்கையில் உருட்டி, ஒரு முனையை வேப்பமரத்தில் கட்டிவிட்டுப் பின்னாலேயே நடந்து நடந்து கயிறு திரித்தபோது மரம் எதிராளியானது, மரத்துக்கும் அவளே பேசினாள். வேலை நடக்கத்தான் செய்தது. ஆனால் ஒரு குரல் நன்றாக வந்துவிட்டால் அதை இன்னொரு தடவை போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது, போட்டுப் பார்க்கக் கை நின்றது, கை நிற்க நிற்கப் பொழுது நகர்ந்தது. தடுக்குக் குவியல் இடுப்புயரம் வருவதற்குள் பனைமர நிழல் நீண்டு வந்து அவள் காலைத் தொட்டுவிட்டது. சீமாறு பாதி கிடந்தது. கயிறு பாதி கிடந்தது.

"அம்மிணி, அப்ப வரட்டுங்களா?" என்றது பொழுது.

துளசிமணி கிணற்றடியில் இருந்தாள். வாளிச் சத்தத்தில் அவளுக்கு அது கேட்கவில்லை. அதற்குள் வைக்கோல்போருக்குப் பின்னாலிருந்து துளசிமணியின் குரல், அந்த அரைக் கரகரப்பும் கடைசி எழுத்தை இழுக்கிற இழுப்பும் அப்படியே, வந்தது:

"அட இருங்க, அதுக்குள்ள என்னங்க அவசரம்? ஒரு வாய் காப்பி வெக்கறேன், குடிச்சுப்போட்டுப் போலாம்."

வீட்டுக்கு வந்த ஒறம்பரையிடம் சொல்கிற பேச்சு. அந்தப் பக்கத்தில் காப்பி வைக்கிறேன் என்று சொன்ன வீட்டிலிருந்து காப்பி குடிக்காமல் எழுந்து போனால் அந்த வீட்டை அவமானப்படுத்தின மாதிரி, இது பொழுதுக்குத் தெரியாதா? எத்தனை வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இத்தனை காலத்தில் போய்ட்டு வாங்க என்று சொன்னார்களே தவிர, அதை ஒருவரும் இரு என்று சொன்னதில்லை. பொழுது கொஞ்சம் திகைத்தது, கொஞ்சம் வெட்கப்பட்டது, பிறகு, "சரிங்க அம்மிணி, அவ்வளவு சொல்றீங்க" என்று பனங்குருத்துமேல் வாகாகச் சாய்ந்துகொண்டது.

போருக்குப் பின்னால் இந்துமதி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். ஊரை ஏமாற்றியிருக்கிறாள், வாத்தியாரை ஏமாற்றியிருக்கிறாள், பொழுதை ஏமாற்றுவது இதுதான் முதல்.

கிணற்றடியிலிருந்து வந்த துளசிமணி நெற்றிக்குமேல் கையை வைத்து மேற்கே பார்த்தாள். "பொழுது இன்னும் இருக்குதா? நானும் வெளக்கு வெக்கற நேரமாச்சாட்ட இருக்குதுன்னு ஓடியாரேன். அப்பச் செரி, செத்த முதுகச் சாச்சுட்டு வாரேன். நீ பாட்டுக்குச் செய்யி" என்று வீட்டைச் சுற்றிக்கொண்டு கீழ்ப்புறம் போனாள். பகலில் அவள் படுத்ததை இந்துமதி பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

பொழுது மறுபடி ஒருமுறை எழப் பார்த்தது. இந்த முறை அப்பா குரல்: "உக்காருங்க, உக்காருங்க, காப்பிக்குப் பால் கறக்கப் போயிருக்கறாங்க." இன்னொரு முறை, திருப்பூர் மாமா குரல்: "நம்ம ஒண்ணாவே போயிறலாமுங்க, நானும் அந்தப் பக்கந்தான்." ஒவ்வொரு முறையும் பொழுது மரியாதையாக உட்கார்ந்தது. இந்துமதி சீமாற்றை முடித்தாள்.

ஊர் கொஞ்ச நேரத்தில் அதைக் கவனித்தது, கவனித்ததும் அதற்கு வேலை கொடுத்தது. கோழிகள் கூண்டு வாசல் வரைக்கும் போவதும், திரும்பிப் பார்ப்பதும், இன்னும் நாலு புழு தின்னலாம் என்று வெளியே வருவதுமாக இருந்தன. டீக்கடை நாச்சிமுத்து சாயங்கால போண்டாவை விற்று முடித்துச் சட்டியைக் கழுவி வைத்துவிட்டு, சாயங்காலம் இன்னும் முடியவில்லை என்றதும் மறுபடி மாவு கரைத்தார். பொழுது விழுந்ததும் எடுக்க வேண்டிய கடைசி பஸ்ஸின் கண்டக்டர், பொழுது விழாமல் எப்படிக் கடைசி பஸ் என்று சொல்வது என்று டிரைவரிடம் கேட்க, அதுவும் நியாயம்தான் என்று அவர் இன்னொரு நடை போய்வந்தார். இருட்டினால்தான் கடைப் பக்கம் போவேன் என்று வீட்டில் சத்தியம் செய்துகொடுத்திருந்த ஆண்கள் முச்சந்தியில் கூடி, அண்ணாந்து பார்த்து, கை நமநமவென்று அரிக்க, ஒருவர் தன் வீட்டு வேலியைக் கட்டினார், ஒருவர் மாமியாருக்கு அம்மி கொத்திக்கொடுத்தார், ஒருவர் வேறு வழியில்லாமல் தன் மகனுடைய கணக்குப் பாடத்தைப் பார்த்துவிட்டுப் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். போன வாரம் கல்யாணமான மாப்பிள்ளை ஒருவர்தான் யாரிடமும் சொல்ல முடியாத கோபத்தில் திண்டாடினார். மற்றபடி ஊருக்கு அது நல்ல நாளாகவே இருந்தது. அரப்பு காயப்போட்டார்கள், புளி காயப்போட்டார்கள், அடுத்த மாசத்து வடகத்தைப் பிழிந்து காயப்போட்டார்கள், காயப்போட வேறொன்றும் இல்லாதவர்கள் தலைமுடியை விரித்துப்போட்டு உட்கார்ந்தார்கள்.

பக்கத்துத் தோட்டத்து ருக்குமணி கூடை நிறைய ஈரத் துணியோடு வேலியோரம் வந்து நின்றாள்.

"ஏம்புள்ள இந்து, உங்கூட்டு ஒறம்பரை இன்னும் எவ்வளவு நேரம் இருப்பாரு? போர்வையெல்லாம் நனைக்கலாமா, வேண்டாமா?"

"நனைங்க அக்கா. காப்பி இன்னும் குடிக்கல."

"அப்ப மெதுவா வெய்யி. என்ர வீட்டு மெத்தைல இருந்து பஞ்செல்லாம் எடுத்துப் போடோணும்." கொஞ்சம் தள்ளிப் போனவள் திரும்பி, "கேக்கறேன்னு நெனச்சுக்காத, நாளைக்கும் கொஞ்சம் காப்பி வெப்பீங்களா?" என்றாள்.

இதற்கிடையில் அம்மாவின் குரல் வந்தது. "இந்து, சீமாறு முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதும்மா!"

"அப்ப கயித்த முடி."

கயிறு முடிந்தது. கோயில் பையன்கள் மாட்டு வண்டியோடு வந்து, தடுக்கையும் சீமாற்றையும் கயிற்றையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். இந்துமதி கையை உதறிவிட்டு நிமிர்ந்தாள். அவ்வளவுதான், மேடை அவளுடையது.

"கயிறு முடிஞ்சுதா? அப்ப அந்தச் சொளகுக்குச் சாணி மொழுகிப் போடு."

இது பேச்சில் இல்லாத வேலை. எதிர்த்துப் பேச வார்த்தை வாய்வரை வந்துவிட்டது, ஆனால் அம்மாவோடு மல்லுக்கு நின்றால் அம்மா எழுந்து வருவாள், வந்தால் மேற்கே பார்ப்பாள், பார்த்தால் பொழுதோடு பேசுவாள், பேசினால் காப்பி வெளியே வந்துவிடும். இந்துமதி சுளகுக்குச் சாணி மெழுகினாள். மெழுகி முடிப்பதற்குள், "கோழிக் கூண்டுக்குக் கதவு லொடலொடங்குது பாரு" என்று வந்தது. புது மூங்கில் பட்டை சீவி, கதவு பின்னி மாட்டினாள். "மாட்டுக்குக் கழுத்துக் கயிறு நைஞ்சு போச்சு." பின்னினாள், குஞ்சம் வைத்தே பின்னினாள். "வெளக்குத் திரி?" பழைய வேட்டியைக் கிழித்துத் திரித்தாள். "அடி பிஞ்ச கூடை ஒண்ணு கெடக்குதே, அத ஆரு பாப்பா?" அதையும் பார்த்தாள். வரட்டி தட்டினாள், தட்டிய வரட்டியில் ஐந்து விரலும் அழகாகப் பதிந்திருக்கிறதா என்று அந்தக் குரல் கேட்டது, இல்லாததை மறுபடி தட்டினாள். அம்மா இன்றைக்கென்று ரொம்பத்தான் வேலை சொல்கிறாள் என்று பல்லைக் கடித்தாள். என்றாலும் ஒரு பக்கம், ஒன்றுமில்லாத நாரும் ஓலையும் சாணியும் தன் கை வழியாகப் போய்க் கதவாகவும் கயிறாகவும் கூடையாகவும் வரிசையில் வந்து நிற்பதைப் பார்க்க, தோட்டத்தையே தான் பெற்றுப்போட்ட மாதிரி ஒரு கர்வமும் இருந்தது.

அப்போதுதான் கோயில் ஒலிபெருக்கி கரகரத்தது. "பக்தகோடிகளே, நாளைக் காலை... இந்த நாளைக் காலைங்கறது எப்பன்னு கமிட்டில பேசிட்டு இருக்கறாங்க. முடிவானதும் சொல்றமுங்க. அதுவரைக்கும் பலகுரல் இந்துமதி நிகழ்ச்சி நாளைக் காலைலயே இருக்கும்."

இந்துமதிக்குச் சுருக்கென்றது. வேலை முடிந்தது, மேடை கிடைத்தது, மேடை ஏறுகிற நாளைத்தான் அவளே பனைமரத்தில் உட்கார்த்தி வைத்திருக்கிறாள். பொழுது போனால்தானே பொழுது விடியும்?

போருக்குப் பின்னால் ஓடினாள். அம்மாவின் குரலை எடுத்தாள். "ரொம்ப நேரமாச்சுங்க. நீங்க போய்ட்டு வாங்க."

பொழுது அசையவில்லை. "காப்பி வெக்கறேன்னீங்களே அம்மிணி?" என்றது, கொஞ்சமும் கோபமில்லாமல்.

"அது, பால் திரிஞ்சு போச்சுங்க."

"வரக்காப்பி போதுமுங்க."

"தூளு தீந்துபோச்சு..."

"வாங்கியாரட்டுமுங்க. எனக்கென்ன அவசரம்."

வாய் தவறி விட்ட உபசாரம் வாசலில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டால் என்ன செய்வது? இந்துமதி அடுப்படிக்கு ஓடினாள், அடுப்பை மூட்டினாள், கருப்பட்டி தட்டிப்போட்டுக் காப்பி வைத்து, வீட்டிலேயே பெரிய சொம்பில் ஊற்றி, சேலைத் துணியில் சுற்றிப் பிடித்துக்கொண்டு வைக்கோல்போர்மேல் ஏறி, உச்சியில் நின்று சொம்பை இரண்டு கையாலும் மேற்கே நீட்டினாள். ஊர் வேலியோரம் வந்து பார்த்தது. காப்பி மெல்லக் கொதித்தது, ஆவி நூல் பிடித்த மாதிரி பனைமரத்தைப் பார்த்துப் போயிற்று, சொம்புக்குள் மட்டம் இறங்கிக்கொண்டே வந்தது, கடைசியில் அடியில் மண்டி மட்டும் மிஞ்சியது.

"கருப்பட்டி ஒரு தூக்கல்" என்றது பொழுது. "ஆனா நல்லாருக்குதுங்க."

"ஆச்சா?" என்று வேலியோரத்திலிருந்து ருக்குமணி கேட்டாள். "பஞ்சு இன்னும் காயலையே புள்ள. இன்னொரு சொம்பு?"

"போங்க அக்கா!"

கூட்டம் கலைந்து துணி மடிக்கப் போயிற்று. இனி ஒரே ஒரு வார்த்தைதான் பாக்கி. இந்துமதி போரிலிருந்து சறுக்கி இறங்கினாள், மூச்சு வாங்கினாள், அம்மாவின் குரலை எடுக்கத் தொண்டையைச் செருமினாள்.

"இந்து! சொம்பக் கழுவி வெச்சியா?" என்று அம்மாவின் குரல் முந்திக்கொண்டது. "கழுவிப்போட்டு, அந்த வரட்டியெல்லாம் செவுத்துமேல அடுக்கு. அடுக்கிப்போட்டு, தொட்டில இன்னும் ரெண்டு மட்டை கெடக்குது பாரு."

அவ்வளவுதான், அவளுக்குப் பொறுக்கவில்லை. சொம்பைக் கையில் பிடித்தபடியே, தலையெல்லாம் வைக்கோலோடு, முழங்கை வரைக்கும் சாணியோடு, வீட்டைச் சுற்றிக்கொண்டு கீழ்ப்புறம் ஓடினாள். "என்னம்மா நெனச்சுட்டு இருக்கற நீ? நோம்பிக்கு மூணு வேலை சொன்ன, நான் தோட்டத்துக்கே..."

அங்கே இன்னொரு வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டில் கிடந்தது. கட்டிலில் துளசிமணி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கன்னத்தில் கயிற்றுத் தழும்பு ஆழமாகப் பதிந்திருந்தது, ரொம்ப நேரமாகப் புரளாமல் தூங்குகிறவளுக்குத்தான் அப்படிப் பதியும். ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. அதன்மேல் வேப்பம்பூ அள்ளிப் போட்ட மாதிரி உதிர்ந்து கிடந்தது, ஒன்றுகூடக் கலையவில்லை. மூக்குத்தி ஏறி இறங்க, வாயைப் பிளந்துகொண்டு, மகளுக்குத் தெரிந்த நாளிலிருந்து தூங்காத அத்தனை பகல் தூக்கத்தையும் ஒரே மூச்சில் தூங்குகிறவள் மாதிரி, கர்ர் என்று குறட்டை விட்டாள்.

"ஏம்புள்ள, அங்க போயி நின்னுட்ட?" என்றது துளசிமணியின் குரல், அரைக் கரகரப்பு, கடைசி எழுத்தில் இழுப்பு, எல்லாம் சுத்தமாக. "போய்ட்டு வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லு. நாளைக்கு உனக்கு மேடை இருக்குதில்ல?"

இந்துமதி அம்மாவின் வாயைப் பார்த்தாள். அதில் குறட்டை மட்டும்தான் இருந்தது.

குரல் வந்த பக்கம் மெல்லத் திரும்பினாள். வீட்டு ஓட்டுக்கு மேலே, பனைக்கு மேலே, பொழுது சிரிப்பை அடக்கி அடக்கிக் கன்னமெல்லாம் சிவந்துபோய் உட்கார்ந்திருந்தது.

சொம்பு கையிலிருந்து நழுவி விழுந்தது.

"அட... இவ்வளவு நேரமும் நீங்களாங்க?"